நோல்ஸ் முந்திவிட்டார் என்றால் நொயோரி என்ன செய்தார்?

முதுகலை வேதியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “2001 வேதியியல் நொபெல் பரிசை நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். கைரல் வினையூக்கியைக் கொண்டு ஹைட்ரஜனேற்றம் செய்யலாம் என்று நோல்ஸ் 1968-லேயே காட்டிவிட்டார். நொயோரியும் அதே வேலையைத்தானே செய்தார்? இத்தனை வருடம் ஒரே துறையில் இருந்து அவர் கூடுதலாகக் கண்டது என்ன? இன்று ஒருவர் இந்தத் துறைக்குள் போவதில் அர்த்தம் உண்டா?”

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நோல்ஸின் வினையூக்கி ஒரு வகைச் சேர்மத்துக்கு மிக நன்றாக வேலை செய்தது. மற்றவற்றுக்கு ஏன் வேலை செய்யவில்லை என்ற இடத்தை நொயோரி பிடித்துக்கொண்டார். பினாப் என்ற ஒரு மூலக்கூறைக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு சேரும் உலோகத்தை ஒருமுறை மாற்றினார், உலோகத்தோடு ஒட்டியிருந்த அயனியை ஒருமுறை மாற்றினார், பிறகு பக்கத்தில் ஓர் அமீனை, அதாவது நைட்ரஜன் உள்ள ஒரு கரிமச் சேர்மத்தை, கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதுவரை அசைந்து கொடுக்காத ஒரு சேர்ம வகை அசைந்துகொடுத்தது. அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையை நான் அப்படித்தான் படிக்கிறேன். இனி விரிவாக.

கார்வோன் என்ற சேர்மம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. இடக்கையும் வலக்கையும் போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத கைத்தன்மை உள்ளவற்றைத்தான் கைரல் என்கிறோம். கொதிநிலை ஒன்று, அடர்த்தி ஒன்று, வாய்பாடு ஒன்று. ஆனால் ஒரு வடிவத்தை முகர்ந்தால் சூயிங்கம்மில் வரும் புதினா மணம், மறுவடிவத்தை முகர்ந்தால் சதகுப்பை விதையின் மணம். மூக்கில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒருகைப்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. வலது கையுறைக்குள் இடது கை சரியாக நுழையாதது போல, அந்தப் புரதத்துக்கு இரண்டு கார்வோனும் ஒன்றல்ல. மருந்துக்கும் இதே கதைதான், ஏனென்றால் மருந்து போய் ஒட்டும் இடமும் புரதம்தான்.

சிக்கல் ஆய்வகத்தில் வருகிறது. சாதாரண வினையில் ஒரு கைரல் கார்பனை உண்டாக்கினால் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் சரிபாதியாகத்தான் வரும். பாடப்புத்தகத்தில் சுழிமாய்க் கலவை என்று படித்திருப்பீர்கள். 1848-இல் பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, இடப்பக்கம் சாய்ந்தவை, வலப்பக்கம் சாய்ந்தவை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். பிரிக்கும் முறைகள் பிற்காலத்தில் எவ்வளவோ மேம்பட்டன. ஆனாலும் பிரித்தெடுக்கும் வழியில் செய்ததில் பாதி வேண்டாத வடிவம். வினையூக்கியே கைரலாக இருந்து, ஒரு வினையூக்கி மூலக்கூறு வேண்டிய வடிவத்தை ஆயிரக்கணக்கில் வார்த்துத் தந்தால்? சமச்சீரற்ற வினையூக்கம் என்பது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் தாலிடோமைடு கதையைச் சொல்வார்கள்: ஒரு வடிவம் மருந்து, மறுவடிவம் நஞ்சு, பிரித்துக் கொடுத்திருந்தால் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று. இது சரியல்ல. தாலிடோமைடின் இரு வடிவங்களும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்ளும். தூய வடிவத்தைக் கொடுத்திருந்தாலும் அந்தத் துயரம் நடந்திருக்கும். நல்ல உதாரணம் வேண்டுமானால் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் எல்-டோபாவை எடுத்துக்கொள்ளுங்கள். நோல்ஸின் வேலையே அதுதான், சற்றுப் பொறுங்கள், அங்கே வருகிறேன்.

ரியோஜி நொயோரி 1938-இல் ஜப்பானின் கோபே நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். 1951-இல், நடுநிலைப் பள்ளியில் சேரும் தறுவாயில், நைலான் பற்றிய பொதுக்கூட்டம் ஒன்றுக்கு மகனை அவர் அழைத்துப் போனார். நிலக்கரி, நீர், காற்று இவற்றிலிருந்து இந்த இழையைச் செய்யலாம் என்று மேடையில் சொன்னார்கள். போர் முடிந்து ஆறே வருடம், நாடு வறுமையில் இருந்த நேரம். ஒன்றுமில்லாததிலிருந்து விலையுள்ள ஒன்றைச் செய்ய முடியும் என்ற எண்ணம் பன்னிரண்டு வயதுப் பையனின் மனத்தில் அன்று விழுந்தது. நைலானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

1957-இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1963-இல் ஹிதோசி நொசாகியின் குழுவில் பயிற்றுநர். அங்கேதான் 1966-இல் அந்த முதல் வினை நடந்தது. ஸ்டைரீனோடு எத்தில் டயசோ அசிட்டேட்டைச் சேர்த்து மூன்று கார்பன் வளையம் செய்கிறார்கள். வினையூக்கி தாமிரம். அந்தத் தாமிரத்தோடு ஒரு கைரல் ஈனியை, அதாவது உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் மூலக்கூறை, கட்டிவிட்டார்கள். சாலிசிலால்டிஹைடையும் ஒரு கைரல் அமீனையும் சேர்த்துச் செய்த எளிய ஷிஃப் காரம் அது. வினை நடக்கும்போது தாமிரம் கார்பீனோடு (வினையின் நடுவே தோன்றி மறையும் கார்பன் துண்டு அது) ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறதா என்று பார்ப்பதே அவர்களின் நோக்கம். ஒட்டியிருந்தால், விளைபொருளில் ஒரு வடிவம் கொஞ்சமாவது கூடுதலாக வர வேண்டும்.

வந்தது. ஆனால் ஈஈ 10 சதவீதத்தைத் தாண்டவில்லை.

ஈஈ என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் கேட்பதே “ஈஈ எவ்வளவு வந்தது?” என்றுதான். கூடுதலாக வந்த வடிவத்தின் சதவீதத்திலிருந்து குறைவாக வந்ததைக் கழித்தால் வருவது ஈஈ. 55-க்கு 45 வந்தால் ஈஈ 10. 99.5-க்கு அரை வந்தால் ஈஈ 99. இதை ஆற்றலாக மாற்றிப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புதான். அறை வெப்பநிலையில் 55-க்கு 45 என்ற விகிதம் வர, இரு பாதைகளுக்கும் இடையே மோலுக்கு ஏறத்தாழ 0.1 கிலோகலோரி வித்தியாசம் போதும். 99-க்கு 1 வர, ஏறத்தாழ 2.7 கிலோகலோரி. ஈத்தேனின் ஒற்றைப் பிணைப்பை ஒரு சுற்றுச் சுற்றும்போது கடக்க வேண்டிய தடை அளவுக்குக்கூட இல்லை. பயனற்ற வினைக்கும் தொழிற்சாலையில் ஓடும் வினைக்கும் நடுவே இருப்பது அவ்வளவு சின்ன வித்தியாசம். அதை வேண்டிய இடத்தில், வேண்டிய திசையில் வைப்பதுதான் வேலை.

அந்த 10 சதவீதத்தால் அன்றைக்கு யாருக்கும் பயனில்லை. ஆனால் கரைசலில் கரைந்திருக்கும் ஓர் உலோக அணைவு (உலோகமும் ஈனியும் சேர்ந்த மூலக்கூறு), தன் ஈனியின் கைத்தன்மையை விளைபொருளுக்குக் கடத்தும் என்பது தெரிந்துவிட்டது. பின்னாளில் சுமிட்டோமோ நிறுவனத்தில் அராடானி அதே தாமிர ஈனியின் வடிவத்தை மாற்றி மாற்றி 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார். இமிபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சிறுநீரகம் சிதைத்துவிடாமல் காக்க அதோடு சேர்த்துக் கொடுக்கும் சிலாஸ்டாட்டின் மருந்துக்கான மூன்று கார்பன் வளையத்தைச் செய்ய அது பயன்பட்டது. உங்கள் முதல் ஈஈ ஒற்றை இலக்கத்தில் வந்தால், உடனே குப்பியைக் கழுவ எடுத்துப் போகாதீர்கள்.

இப்போது நோல்ஸ். மொன்சான்டோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1966-இல் வில்கின்சன், கரைசலில் கரைந்து ஹைட்ரஜனேற்றம் செய்யும் ரோடியம்-பாஸ்பீன் வினையூக்கியை விரிவாக வெளியிட்டிருந்தார். பாஸ்பீன் என்பது பாஸ்பரஸ் அணுவால் உலோகத்தைப் பற்றும் ஈனி. அதில் இருந்த சாதாரண பாஸ்பீனை எடுத்துவிட்டு, பாஸ்பரஸ் அணுவே கைரலாக இருக்கும் பாஸ்பீனை நோல்ஸ் வைத்தார். 1968-இல் அவருக்குக் கிடைத்தது 15 சதவீதம். ஜெர்மனியில் ஹார்னரும் அதே ஆண்டில் தனியாக இதே எண்ணத்தை எட்டியிருந்தார். அடுத்த சில வருடங்களில் ஈனியைத் திருத்தி, டிபாம்ப் என்ற இரட்டைப் பாஸ்பீனோடு நோல்ஸ் 95 சதவீதத்தைத் தொட்டார். 1974-இல் எல்-டோபா அந்த முறையில் ஆலையில் தயாராகத் தொடங்கியது. சமச்சீரற்ற வினையூக்கத்தை ஆலைக்குக் கொண்டுபோன முதல் ஆள் அவர்தான். அதில் ஐயமே வேண்டாம்.

ஆனால் அந்த வினையூக்கிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்-டோபாவுக்கான மூலப்பொருளில் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்திலேயே ஓர் அமைடு தொகுதி இருக்கிறது. ரோடியம் இரட்டைப் பிணைப்பை ஒரு பக்கம் பற்றிக்கொண்டு, அமைடின் ஆக்சிஜனை இன்னொரு பக்கம் பற்றிக்கொள்கிறது. மரம் ஏறுகிறவர் இரண்டு இடத்தில் பிடித்தால்தான் ஆடாமல் நிற்க முடியும், அது போல. அந்த இரண்டாவது பிடி இல்லாத சேர்மத்தை அப்படியும் இப்படியும் திரும்பவிட்டு விடுகிறது, ஈஈ விழுந்துவிடுகிறது. நோல்ஸுக்குப் பிறகு இந்தத் துறையின் உண்மையான கேள்வி இந்தப் பிடியைப் பற்றியதுதான்.

நொயோரி 1968-இல், முப்பது வயது நிறைவதற்கு முன்பே, நகோயா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகப் போனார். பிறகு ஹார்வர்டில் கரிம வேதியியலாளர் கோரியோடு சிறிது காலம் இருந்தார். அங்கே ஷார்ப்லெஸும் பக்கத்து ஆய்வகத்தில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்தார். 1972-இல் நகோயாவில் பேராசிரியர். 1974-இல் ஹிதேமாசா தகாயாவோடு சேர்ந்து ஒரு புதிய ஈனியைச் செய்யத் தொடங்கினார்.

அதுதான் பினாப். இரண்டு நாப்தலீன் தட்டுகளை ஓர் ஒற்றைப் பிணைப்பால் கட்டினால், பக்கத்து அணுக்கள் இடித்துக்கொள்வதால் அவை ஒரே தளத்தில் படுக்க முடியாது. ஒன்று மற்றதற்குக் குறுக்கே முறுக்கிக்கொண்டு நிற்கும். வலப்பக்கம் முறுக்கினால் ஒரு வடிவம், இடப்பக்கம் முறுக்கினால் மறுவடிவம். கைரல் கார்பன் ஒன்றுகூட அதில் கிடையாது, முறுக்கே கைத்தன்மை. ஒவ்வொரு நாப்தலீனிலும் ஒரு பாஸ்பரஸ், ஒவ்வொரு பாஸ்பரஸிலும் இரண்டு பென்சீன் வளையம். இரண்டு பாஸ்பரஸும் ஓர் உலோகத்தைக் கவ்வும்போது அந்த நான்கு பென்சீன் வளையங்களும் உலோகத்தைச் சுற்றி இறுக்கமாக நிற்கின்றன. முன்னிருந்து பார்த்தால் நான்கு கால்பகுதிகளில் எதிரெதிரான இரண்டு அடைபட்டு, மற்ற இரண்டு திறந்திருக்கும். உள்ளே வரும் மூலக்கூறு எந்தப் பக்கமாகத் திரும்பி வந்தால் இடிக்காது என்பதை அந்தத் திறப்பு தீர்மானிக்கிறது.

தாளில் வரைய ஐந்து நிமிடம் ஆகும். செய்து முடிக்க ஆறு வருடம் ஆனது. 1976-இல் ஒருமுறை தூய வடிவத்தில் கிடைத்தது, ஆனால் அந்த வழியில் திரும்பத் திரும்பச் செய்ய முடியவில்லை, நடுவிலேயே முறுக்கு அவிழ்ந்து கலவையாகிவிட்டது. 1978-இல் ஒரு கைரல் பல்லேடியம் அணைவைக் கொண்டு இரு வடிவங்களையும் பிரிக்கும் நம்பகமான வழி கிடைத்தது. 1980-இல் கட்டுரை வெளிவந்தது. பினாப்-ரோடியத்தைக் கொண்டு செய்த அமினோ அமிலங்களில் ஈஈ 100 சதவீதத்தைத் தொட்டது. இந்த ஆறு வருட உழைப்பில் தகாயாவின் பங்கை நொயோரியே தன் நொபெல் உரையில் மனமாரச் சொன்னார். தகாயா 1995-இல் காலமாகிவிட்டார். பினாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயரை விட்டுவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் 1980-இல் கிடைத்ததும் அமினோ அமிலம்தானே? நோல்ஸ் நின்ற அதே இடம். வினையும் மெதுவாகத்தான் நடந்தது. உங்கள் கேள்வி அந்த வருடத்தில் கேட்கப்பட்டிருந்தால், “ஆமாம், பெரிய வித்தியாசமில்லை” என்று நானும் சொல்லியிருப்பேன்.

முதல் விரிவு வந்தது ஹைட்ரஜனேற்றத்தில் அல்ல, மென்தாலில். சளி பிடித்தால் மூக்கில் தடவும் தைலத்தில் குளிர்ச்சி தருவது மென்தால்தான். அதில் மூன்று கைரல் மையங்கள், ஆகவே எட்டு மாற்றியங்கள். நமக்குத் தெரிந்த அந்தக் குளிர்ச்சியும் மணமும் எட்டில் ஒன்றுக்குத்தான். புதினா எண்ணெயைக் குளிரவைத்தால் அது படிகமாகப் பிரியும். உத்தரப் பிரதேசத்தில் வயல் வயலாகப் புதினா பயிரிடுவது இதற்காகத்தான். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஒட்சுகா, தானி, தகாசாகோ என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தின் அகுடாகவா ஆகியோரோடு நொயோரியும் தகாயாவும் சேர்ந்து வேறொரு வழி கண்டார்கள். பைன் மரப் பொருளிலிருந்து கிடைக்கும் மிர்சீனை எடுத்து, அதோடு டைஎத்தில் அமீனைச் சேர்க்கிறார்கள். அந்த அமீனைப் பினாப்-ரோடியத்திடம் கொடுத்தால், வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், ஒரு ஹைட்ரஜனை ஒரு கார்பனிலிருந்து எடுத்து அதற்கு அடுத்ததைத் தாண்டிய கார்பனில், ஒரே முகத்தில் வைக்கிறது. ஈஈ 96 முதல் 99. இதை நீராற்பகுத்தால் சிட்ரோனெல்லால். இயற்கையில் கிடைக்கும் சிட்ரோனெல்லாலின் தூய்மையே 80 சதவீத அளவில்தான் இருக்கிறது. அதன் பிறகு வளையமாக மூடி, ஹைட்ரஜன் ஏற்றினால் மென்தால். 1983 முதல் தகாசாகோ இதை ஆலையில் செய்கிறது, ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். முதலில் வைத்த ஒரே ஒரு கைரல் மையம், மற்ற இரண்டும் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்துவிடுகிறது. இந்தத் தொகுப்பை மாணவர்களுக்குப் பலகையில் போடும்போதெல்லாம் அந்தப் படியில் ஒரு நிமிடம் நிறுத்திவிடுவேன்.

பிறகு 1986. ரோடியத்தை எடுத்துவிட்டு ருத்தேனியத்தை வைத்தார், கூடவே இரண்டு அசிட்டேட். இதுவரை மறுத்த அல்கீன்கள், அதாவது கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மங்கள், வழிக்கு வந்தன. ஜெரானியாலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பிடித்து ஹைட்ரஜனேற்றி, மற்றதைத் தொடாமல் விட்டது இந்த வினையூக்கி. 50,000 மூலக்கூறு ஜெரானியாலுக்கு ஒரு மூலக்கூறு வினையூக்கி போதும். வலிநிவாரணியான நாப்ரோக்சனை 97 சதவீத ஈஈயில் செய்து காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு கீட்டோன், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ஒரு சேர்ம வகை. பீட்டா கீட்டோ எஸ்டர்களை இந்த அசிட்டேட் வினையூக்கி கண்டுகொள்ளவே இல்லை. அசிட்டேட்டை எடுத்துவிட்டுக் குளோரைடை வைத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். வினை நடந்தது, 99 சதவீதத்துக்கு மேல் வந்தது. கார்பாபெனம் வகை ஆன்டிபயாட்டிக்குகளின் இடைநிலைப் பொருளும், லிவோஃப்ளாக்சசினுக்கு வேண்டிய புரொப்பேன்டையாலும் இந்த வழியில் தகாசாகோவில் தயாராயின.

நானும் என் முனைவர் பட்டக் காலத்தில் இந்தக் கீட்டோ எஸ்டர் வினையை ஓட்டியிருக்கிறேன். ஸ்டீல் ஆட்டோகிளேவின் மூடியை இறுக்கி, ஹைட்ரஜனை ஏற்றி, இரவெல்லாம் கலக்கவிட்டு, காலையில் அழுத்தத்தை மெல்லத் திறந்துவிடும்போது வரும் அந்தச் சீறல் இன்னும் காதில் இருக்கிறது. முதல் முறை மெத்தனாலிலிருந்து காற்றை நான் சரியாக வெளியேற்றவில்லை, பாதி வினைகூட நடக்கவில்லை. இரண்டாம் முறை, இரு வடிவங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கைரல் நிரலில் (column) மாதிரியைச் செலுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு ஓட்டிய சுழிமாய்க் கலவையில் பதினோராவது நிமிடத்தில் ஒரு முகடு, பதின்மூன்றாவது நிமிடத்தில் அதே உயரத்தில் இன்னொரு முகடு. இப்போது பதினோராவது நிமிடத்தில் ஒரு முகடு எழுந்து இறங்கியது. பதின்மூன்றாவது நிமிடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. இந்த இல்லாத முகடு தரும் மகிழ்ச்சியை வேறு எந்தத் துறையில் பெற முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பழைய நிபந்தனை போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கீட்டோ எஸ்டரில் எஸ்டரின் ஆக்சிஜன் இரண்டாவது பிடி. ஜெரானியாலில் ஆல்கஹால். அசிட்டோபீனோன் போல வேறு எந்தக் கைப்பிடியும் இல்லாத எளிய கீட்டோனைக் கொடுத்தால் இந்த வினையூக்கி அசையாது.

1995-இல் அது தீர்ந்தது, என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் உச்சம் இதுதான். பினாப்-ருத்தேனியத்தோடு ஒரு கைரல் டைஅமீனையும் சேர்த்து, ஐசோபுரொப்பனாலில் கொஞ்சம் காரம் போட்டார்கள். எளிய கீட்டோன்கள் ஆல்கஹாலாயின. ஏன் என்று தோண்டியபோது தெரிந்தது பாடப்புத்தகத்தையே மாற்றியது. கீட்டோன் உலோகத்தைத் தொடவே இல்லை! ருத்தேனியத்தின் மேல் ஒரு ஹைட்ரைடு (எலக்ட்ரான் மிகுந்த ஹைட்ரஜன்) இருக்கிறது, பக்கத்து நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. கீட்டோனின் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பான கார்பனைல் அருகே வந்ததும் ஹைட்ரைடு கார்பனுக்கும் நைட்ரஜனின் ஹைட்ரஜன் ஆக்சிஜனுக்கும், ஆறு அணு வளையம் போன்ற ஓர் அமைப்பின் வழியே போய்ச் சேருகின்றன. கீட்டோனுக்கு வேண்டியிருந்த இரண்டாவது பிடி கீட்டோனிலேயே இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். நொயோரி அதை வினையூக்கியின் பக்கம் கொண்டுவந்துவிட்டார். ஈனி என்பது சும்மா சுற்றி நிற்கும் வேலியல்ல, வினையில் கை கொடுக்கும் உறுப்பு என்பது அன்று உறுதியானது. கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பில் கார்பனைலைப் போல மின்னேற்றப் பிரிவு இல்லாததால் அது தப்பித்துக்கொள்கிறது, ஒரே மூலக்கூறில் இரண்டும் இருந்தால் கார்பனைல் மட்டும் மாறும்.

அதன் வேகத்தைச் சொன்னால் நம்புவது கடினம். அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில் 601 கிராம் அசிட்டோபீனோனுக்கு 2.2 மில்லிகிராம் வினையூக்கி. ஒரு சிட்டிகை உப்பில் மிகச் சிறிய பகுதி அது. 30 டிகிரியில், 45 வளிமண்டல அழுத்தத்தில், 48 மணி நேரத்தில் வினை முடிந்தது. ஒரு வினையூக்கி மூலக்கூறு 24 லட்சம் முறை வேலை செய்திருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட சோதனையில் ஈஈ 80 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பினாப்பின் பென்சீன் வளையங்களில் மெத்தில்களைக் கூட்டி, டைஅமீனையும் மாற்றியபோது 99 ஆனது. அதே ஆண்டுகளில் ஹைட்ரஜன் சிலிண்டரே இல்லாமல் ஐசோபுரொப்பனாலிலிருந்தோ ஃபார்மிக் அமிலத்திலிருந்தோ ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் வினையூக்கியையும் இகாரியாவோடு சேர்ந்து செய்தார். உயர் அழுத்தக் கருவி வாங்க வழியில்லாத சிறிய கல்லூரி ஆய்வகங்களுக்கு அது பெரிய உதவி.

பினாப்புக்கு வெளியே அவர் செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது எனக்கு மிகவும் பிடித்தது. கற்பூர மரத்திலிருந்து கிடைக்கும் கற்பூரம் கைரல். அதிலிருந்து டைப் என்ற அமினோ ஆல்கஹாலைச் செய்து, பென்சால்டிஹைடோடு டைஎத்தில் துத்தநாகத்தைச் சேர்க்கும் வினைக்கு வினையூக்கியாக வைத்தார்கள். 1986-இல், ஈஈ வெறும் 15 சதவீதமே உள்ள வினையூக்கியைப் போட்டுப் பார்த்தார்கள். 15 போட்டால் 15 அளவில்தான் வர வேண்டும்? வந்தது 95. காரணம் அழகானது. 200 மூலக்கூறில் 115 ஒரு வகை, 85 மறுவகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வலதும் இடதும் ஜோடி சேர்ந்தால் அந்த ஜோடி மிக உறுதி, கலைந்து வேலைக்கு வராது. 85 வலது 85 இடதோடு ஜோடி போட்டு ஒதுங்கிவிடும். மிச்சம் 30, எல்லாம் ஒரே வகை. வேலை செய்வது அவைதான். பூமியில் உயிர்கள் ஏன் ஒரே கைப்பட்ட அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகின்றன என்று யோசிப்பவர்கள் இந்த மாதிரியான பெருக்கத்தை இன்றும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

பரிசுக்கு வருவோம். 2001-இல் பாதி ஷார்ப்லெஸுக்கு, ஆக்சிஜனேற்ற வினைகளுக்காக. மறுபாதியை நோல்ஸும் நொயோரியும் கால் காலாகப் பகிர்ந்துகொண்டார்கள். நோல்ஸ் பணி ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகியிருந்தது, வயது 84. முதலில் செய்தவருக்கும், எங்கும் செய்ய முடியும் என்று காட்டியவருக்கும் சம பங்கு. அது நியாயமான பங்கீடு என்றே நினைக்கிறேன்.

நைலானுக்குத் திரும்புகிறேன். நைலான்-6,6 செய்ய அடிப்பிக் அமிலம் வேண்டும். ஆலைகளில் அதற்கு நைட்ரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள், நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுகிறது. கார்பன் டைஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. 1998-இல் நொயோரியும் கஸுஹிகோ சாட்டோவும் சைக்ளோஹெக்சீனை 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடோடு, சிறிதளவு டங்ஸ்டேட் வினையூக்கியில், கரிமக் கரைப்பான் எதுவுமின்றி நேரே அடிப்பிக் அமிலமாக்கினார்கள். துணை விளைபொருள் நீர். ஒரு மூலக்கூறு அமிலத்துக்கு நான்கு மூலக்கூறு பெராக்சைடு செலவாவதால் விலை கட்டுப்படியாகவில்லை, ஆலைகள் பெரும்பாலும் பழைய வழியிலேயே போகின்றன. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது 1951-இல் தந்தையோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பையனைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அதில் கைரல் மையம் ஒன்றுகூட இல்லை, ஆனால் வினையூக்கியைப் பற்றிய அவருடைய எண்ணம் முழுதும் அதில் இருக்கிறது.

கடைசிக் கேள்வி: இன்று இந்தத் துறையில் இடம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் இடம் நகர்ந்திருக்கிறது. ருத்தேனியமும் ரோடியமும் அரிய, விலையுயர்ந்த உலோகங்கள். நொயோரி கண்ட அந்த நைட்ரஜன்-ஹைட்ரஜன் உத்தியை வைத்துக்கொண்டு இரும்பு, மாங்கனீசு, கோபால்ட்டில் அதே வேலையைச் செய்யப் பலர் முயல்கிறார்கள். உலோகமே வேண்டாம் என்று புரோலின் போன்ற சிறு கரிம மூலக்கூறுகளால் வினையூக்கம் செய்த லிஸ்ட், மெக்மிலன் இருவருக்கும் 2021-இல் நொபெல் கிடைத்தது. இன்னொரு பக்கம் நொதிகள் வந்து நிற்கின்றன. நம் வீடுகளில் சர்க்கரைக்குப் பலர் சாப்பிடும் சிட்டாகிளிப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்க் நிறுவனம் முதலில் அதை ரோடியமும் கைரல் பாஸ்பீனும் கொண்ட உயர் அழுத்த ஹைட்ரஜனேற்றத்தில்தான் செய்தது. நல்ல வினைதான், ஈஈ 97. 2010-இல் கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நொதியை வேண்டியபடி திருத்தி அமைத்து, அந்தப் படியையே எடுத்துவிட்டார்கள். உலோகமும் இல்லை, உயர் அழுத்தமும் இல்லை, ஈஈ 99.95-க்கு மேல். அந்த நொதி முதலில் இந்த கீட்டோனைத் தொடக்கூட இல்லை. அதன் குழியில் ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றி மாற்றித்தான் உள்ளே நுழையவைத்தார்கள்.

நீங்கள் சேரப்போகும் ஆய்வகம் உலோகம் பேசினாலும் நொதி பேசினாலும், முதல் மாதத்தில் ஒரு கீட்டோ எஸ்டரைப் பினாப்-ருத்தேனியத்தில் ஒருமுறை உங்கள் கையாலேயே ஹைட்ரஜனேற்றிப் பாருங்கள். மெத்தனாலிலிருந்து காற்றை முழுதாக வெளியேற்ற மறக்காதீர்கள்.